பனியில் வண்டியை நிறுத்தும் அப்பாவைப் பற்றி இன்டர்வியூவில் சொல்லலாமா?

ஏற்காடு மலையில் பிறந்து, இப்போது சேலம் அஸ்தம்பட்டியில் பெற்றோருடன் வாடகை வீட்டில் இருக்கும் 25 வயதுப் பெண் ஒன்பது பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றிவிட்டு அதன் சாரத்தை இங்கே தருகிறேன்.

அவருடைய அப்பா இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக ஏற்காட்டு மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவர். முதலில் எஸ்டேட் ஜீப், இப்போது சொந்தமாக ஒரு வேன். தாத்தா வைத்திருந்த மூன்று ஏக்கர் காப்பித் தோட்டத்தை விற்றும் போதாமல் வங்கியில் 30 லட்சம் கடன் வாங்கி மகளைப் பைலட் படிப்புக்கு அனுப்பினார். சிபிஎல் (விமானி உரிமம்) கையில் வந்து இரண்டு வருடமாகிறது. வேலை இன்னும் கிடைக்கவில்லை. இப்போது ஒரு விமான நிறுவனத்தின் எழுத்துத் தேர்வையும் கணினித் தேர்வையும் தாண்டிவிட்டார். மூன்று வாரத்தில் நேர்காணல். டெக்னிக்கல் கேள்விகளுக்குப் பயமில்லை, சொந்த வாழ்க்கையைக் கிளறுவார்களே, அதை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை என்கிறார்.

மறைக்க வேண்டியவை என்று அவரே ஒரு பட்டியல் போட்டிருக்கிறார். ஏர் நேவிகேஷன் (விமான வழிகாட்டல்) பேப்பரில் இரண்டு முறை தோற்றது. பயிற்சியின்போது சோலோவாக (தனியாக) ஓட்டிய செஸ்னா 172 என்ற சிறிய விமானம் தரையைத் தொட்டதும் குதித்து, மூக்குச் சக்கரமும் புரொப்பெல்லரும் சேதமானது. அதன் பிறகு மூன்று மாதம் சரியான தூக்கமில்லாமல், ஓர் ஆலோசகரிடம் ஆறு முறை போய்ப் பேசியது. மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை. வீட்டுக்குக்கூடத் தெரியாது. போன வருடம் உரிமத்துக்காக நிரப்பிய மெடிக்கல் படிவத்திலும் அவர் இதைக் குறிப்பிடவில்லை. இவை போக அப்பாவின் தொழில், கடன், வீட்டில் மாப்பிள்ளை பார்ப்பது.

கோச்சிங் சென்டரில் அறுபது கேள்விகளுக்குப் பதில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அதில் அப்பா ‘டிரான்ஸ்போர்ட் பிசினஸ்’ செய்கிறார். சீனியர் தோழி ஒருவர், கல்யாணத்தைப் பற்றிக் கேட்பதே சட்டப்படி குற்றம், முகத்துக்கு நேராகச் சொல்லிவிடு என்றிருக்கிறார். கடிதத்தின் கடைசி வரி இது: “இவ்வளவு ஓட்டையோடு இருக்கிறேன் மேடம். எதை எப்படி மூடினால் தப்பிப்பேன்?”

அன்புள்ள தங்கைக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை உங்கள் பயம் மட்டும்தான் கண்ணில் பட்டது. இரண்டாம் முறை படிக்கும்போது, நீங்கள் பட்டியலில் சேர்க்காமல் போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு சம்பவம் என்னை நிறுத்தியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் உளவியலாளர். பல வருடங்கள் ஆள்தேர்வுக் குழுக்களில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், மூடுவதற்கு வழி கேட்கிற இடத்திலேயே உங்கள் தயாரிப்பு தடம் மாறிவிட்டது. ஓட்டையே இல்லாத ஆள் வேண்டும் என்று எந்தக் குழுவும் சொந்தக் கேள்வி கேட்பதில்லை, அப்படி ஓர் ஆள் உலகத்திலேயே இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். தன் தவறைத் தானே பார்க்கத் தெரிகிறதா, பார்த்ததை நேரத்தோடு வாய்விட்டுச் சொல்லும் துணிச்சல் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். மற்ற வேலைகளில் இது நல்ல குணம், அவ்வளவுதான். உங்கள் வேலையில் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களின் உயிர் இதில்தான் இருக்கிறது.

2020 ஆகஸ்ட் 7 இரவு கோழிக்கோட்டில் நடந்ததை நீங்கள் படித்திருப்பீர்கள். மழையில் இறங்கிய விமானம் ஓடுதளத்தைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து, விமானிகள் இருவர் உட்பட 21 பேர் இறந்தார்கள். துணை விமானி “கோ-அரவுண்ட்” (இறங்காமல் மறுபடி மேலே போவது) என்று சொல்லியும் இறக்கம் தொடர்ந்தது, அவரும் கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுத்துக்கொள்ளவில்லை என்கிறது விசாரணை அறிக்கை. மருத்துவர் எழுதிக் கொடுக்காத சர்க்கரை நோய் மாத்திரைகளைக் கேப்டன் எடுத்துக்கொண்டிருந்ததைப் பற்றியும் அதே அறிக்கை பேசுகிறது. இறந்தவர்கள் மீது பழி போட இதைச் சொல்லவில்லை. “உங்களைவிடப் பெரியவர் ஒருவர் தவறு செய்தபோது என்ன செய்தீர்கள்?”, “உடம்பு சரியில்லாத நாளில் என்ன செய்வீர்கள்?” என்று கேட்கும்போது தேர்வுக் குழுவினர் மனதில் இருப்பது இப்படிப்பட்ட இரவுகள். இந்தக் கேள்விகளை வம்பாக நினைத்தால் பதிலும் தற்காப்பாகவே வரும். காரணம் தெரிந்தால் பேச்சு இயல்பாகிவிடும்.

அப்பா என்ன செய்கிறார்?

இனி அந்த நான்காம் பக்கச் சம்பவம். நீங்கள் பிளஸ் ஒன் படித்த வருடம், டிசம்பர் மாதம், இருட்டுகிற நேரம். சேலத்திலிருந்து மேலே வரும் அப்பாவின் வேனில் முன்சீட்டில் நீங்கள், பின்னால் சுற்றுலா வந்த இரண்டு குடும்பங்கள். பதினான்காவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும் பனி மூடிவிட்டது. அப்பா வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். பின்னால் இருந்தவர்கள் சத்தம் போட்டார்கள், ரூம் புக் செய்திருக்கிறோம், மற்ற வண்டியெல்லாம் போகிறதே என்று. “அடுத்த வளைவு தெரியலைங்க. தெரியாத வளைவுக்குள்ள வண்டிய விடமாட்டனுங்க” என்று மட்டும் சொன்னார் அப்பா. முக்கால் மணி நேரம் நின்றீர்கள். ஒரு குடும்பம் இறங்கி வேறு வண்டி பிடித்துப் போய்விட்டது, காசும் கொடுக்கவில்லை. அன்று ராத்திரி அம்மா அப்பாவைத் திட்டினார், டீசல் காசுகூடத் தேறவில்லை என்று.

தங்கையே, இந்த அப்பாவை ‘டிரான்ஸ்போர்ட் பிசினஸ்’ என்ற இரண்டு வார்த்தைக்குள் போட்டு மறைக்கச் சொன்னவர்களுக்கு விமானி வேலை என்னவென்று தெரியாது. பார்வைத் தூரம் குறைந்தால் இறங்காமல் வேறு ஊருக்குத் திருப்பும் கேப்டன் செய்வது இதைத்தான். பயணி கோபப்படுவார், கம்பெனிக்குச் செலவு, இன்னொரு விமானம் இறங்கிவிட்டதே என்று யாராவது சொல்லுவார்கள். அத்தனையையும் கேட்டுக்கொண்டு, தெரியாத வளைவுக்குள் போகாமல் இருப்பது. ‘அழுத்தமான சூழலில் எடுக்கப்பட்ட முடிவு ஒன்றைச் சொல்லுங்கள்’ என்ற கேள்விக்கு மற்றவர்கள் கல்லூரி ஆண்டு விழா நடத்திய கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். உங்களிடம் இருப்பது பதினாறு வயதில் முன்சீட்டில் உட்கார்ந்து பார்த்த பாடம். அம்மா திட்டியதையும் விடாமல் சொல்லுங்கள். சரியான முடிவால் நஷ்டமும் வரும் என்று தெரிந்த பிள்ளை என்பதை அந்தப் பகுதிதான் காட்டும்.

‘ஏன் பைலட் ஆனீர்கள்’ என்பதற்கும் அச்சடித்த தாளில் உள்ள ‘சிறுவயதிலிருந்தே வானத்தை அண்ணாந்து பார்த்து’ வேண்டாம். 2018 மார்ச்சில், நீங்கள் பிளஸ் டூ பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது, உடான் என்ற மத்திய அரசின் விமானச் சேவைத் திட்டத்தில், சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்துக்குச் சென்னையிலிருந்து மறுபடி விமானம் வர ஆரம்பித்தது. அதில் வந்த பயணிகளை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போக அப்பா வேனை அங்கே கொண்டுபோய் நிறுத்தினார். கூடப்போன நீங்கள் வேலியோரம் நின்று அந்த ஏடிஆர் விமானம் இறங்குவதைப் பார்த்தீர்கள். இதையும் நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். 2021இல் அந்தச் சேவை நின்றுபோனதும், 2023 அக்டோபரில் மறுபடி தொடங்கியதும், இந்தத் தொழிலின் ஏற்ற இறக்கத்தை ஒரு வேன்காரர் வீட்டிலிருந்தே பார்த்தவர் நீங்கள் என்பதற்குச் சாட்சி. அதைவிட நல்ல காரணம் எதற்கு?

குதித்த செஸ்னா

லாக்புக்கில் (பறந்த கணக்கை எழுதும் குறிப்பேட்டில்) எழுதவில்லை, அதனால் வெளியே தெரியாது என்கிறீர்கள். அப்படி நம்பாதீர்கள். புரொப்பெல்லர் தரையில் பட்ட விமானத்துக்குப் பழுதுபார்ப்புப் பதிவு இருக்கும், பயிற்சிப் பள்ளியின் கோப்பில் அறிக்கை இருக்கும், உங்கள் இன்ஸ்ட்ரக்டருக்கு ஊரெல்லாம் நண்பர்கள் இருப்பார்கள். விமானத்துறை சின்ன ஊர் மாதிரி. அதோடு, விண்ணப்பப் படிவத்தில் விபத்து, சம்பவம் பற்றிய கேள்வி இருந்தால் அங்கே ‘இல்லை’ என்று எழுதுவது வெறும் மறைப்பாக நிற்காது. வேலையில் சேர்ந்து ஐந்து வருடம் கழித்துத் தெரியவந்தாலும், பொய்த் தகவல் கொடுத்து வேலை வாங்கினார் என்று நீக்கக் காரணமாகிவிடும். குதித்த விமானத்தை மன்னிப்பார்கள். பொய்யை மன்னிக்க மாட்டார்கள்.

எப்படிச் சொல்வது என்பதில்தான் வேலை இருக்கிறது. பலர் இதைக் காற்றின் கதையாகவோ விமானத்தின் கதையாகவோ சொல்வார்கள். “திடீரென்று காற்று அடித்தது, அந்த விமானமே பழசு.” சிலர் எதிர்ப்பக்கம் சாய்ந்து, குரல் உடைந்து, தன்னைத்தானே சவுக்கால் அடித்துக்கொள்வார்கள். இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன், இரண்டிலும் குழுவுக்கு ஒன்றும் கிடைக்காது. உங்கள் கடிதத்தில் உள்ளதை வைத்தே நான் கட்டிப்பார்த்தேன்:

“என் நான்காவது சோலோ. அப்ரோச்சிலேயே (ஓடுதளத்தை நெருங்கும்போதே) வேகம் கொஞ்சம் அதிகமாக இருந்தது, இறங்கும்போது குறைந்துவிடும் என்று விட்டுவிட்டேன். தரையைத் தொட்டதும் குதித்தது. அப்போதே பவர் கொடுத்து கோ-அரவுண்ட் போயிருக்க வேண்டும். எப்படியாவது இறக்கிவிடலாம் என்று மூக்கை அழுத்தினேன். மூன்றாவது குதிப்பில் மூக்குச் சக்கரம் போய்விட்டது. என் தவறு குதித்த நொடியில் ஆரம்பித்தது இல்லை, அப்ரோச்சில் ஆரம்பித்தது. அதற்குப் பிறகு இன்ஸ்ட்ரக்டருடன் எட்டு மணி நேரம் இறக்கம் மட்டும் பழகினேன். இப்போது வேகம் எல்லையைத் தாண்டினால் யாரும் சொல்லாமலே கோ-அரவுண்ட் போகிறேன், கிராஸ்-கன்ட்ரியில் (ஊர்விட்டு ஊர் பறக்கும்போது) இரண்டு முறை போயிருக்கிறேன்.”

இவ்வளவுதான், ஒரு நிமிடம். நடந்தது, நான் செய்தது, செய்யத் தவறியது, அதற்குப் பிறகு என் கை என்ன மாறியது. கடைசிப் பகுதி மிக முக்கியம், ‘பாடம் கற்றுக்கொண்டேன்’ என்று வெறும் வாயில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். மாறிய பழக்கத்தைக் காட்டினால் நம்புவார்கள். இதை மனப்பாடம் செய்யாதீர்கள், உங்கள் வார்த்தையில் உங்கள் வரிசையில் வரட்டும்.

நேவிகேஷன் பேப்பருக்கு இவ்வளவு கூட வேண்டாம். நூற்றுக்கு எழுபது எடுக்க வேண்டிய தேர்வில் இரண்டு முறை அறுபதுகளில் நின்றீர்கள், மூன்றாம் முறை எப்படிப் படித்தீர்கள் என்று இரண்டு வரி போதும்.

ஆலோசகரிடம் போனது

நீங்கள் அதிகம் நடுங்குவது இங்கேதான். நானும் இங்கேதான் மிகக் கவனமாகப் பேச வேண்டும்.

முதலில் ஒரு தவறான எண்ணம். ‘கவுன்சலிங் போனது தெரிந்தால் பைலட் வாழ்க்கையே முடிந்தது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயமே பல வருடங்களாக விமானிகளை மௌனமாக்கி வைத்திருந்தது. 2015 மார்ச் 24 அன்று பார்சிலோனாவிலிருந்து புறப்பட்ட ஜெர்மன்விங்ஸ் விமானத்தைத் துணை விமானி வேண்டுமென்றே ஆல்ப்ஸ் மலையில் மோதினார், 150 பேர் இறந்தார்கள். உரிமம் போய்விடும், வருமானம் போய்விடும் என்ற அச்சம் விமானிகளை மன நோயை மறைக்கத் தள்ளுகிறது என்று அந்த விசாரணை எழுதியது. அதன் பிறகுதான் பல நாடுகளில், வேலை பயமில்லாமல் சக விமானியிடம் பேச வழிசெய்யும் ஏற்பாடுகள் வலுப்பெற்றன. நம் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவும் 2023இல் விமானக் குழுவினரின் மனநலம் பற்றிய வழிகாட்டுதலை வெளியிட்டது. வேலைக்கு எடுக்கும் முன் உளவியல் மதிப்பீடு, சக ஊழியர் ஆதரவுத் திட்டம் இரண்டும் அதில் பேசப்படுகின்றன. நீங்கள் அந்தத் துணை விமானியைப் போன்றவர் என்று சொல்ல வரவில்லை. தூக்கம் கெட்டதும் உதவி தேடிப் போனீர்கள், பேசினீர்கள், மறுபடி பறந்தீர்கள். என் தொழிலில் இதற்குப் பெயர் ஆரோக்கியம்.

ஆனால் மெடிக்கல் படிவம் வேறு விஷயம். அதில் நீங்கள் கொடுத்திருப்பது ஓர் உறுதிமொழி. 1937ஆம் ஆண்டு விமான விதிகளின் 19ஆம் விதி, தகவலை மறைத்தோ தவறாகக் கொடுத்தோ பெற்ற உரிமத்தை நிறுத்திவைக்கவும் ரத்து செய்யவும் அதிகாரம் தருகிறது. ஆறு முறை ஆலோசகரிடம் பேசியதால் உங்கள் உரிமம் போகும் என்று நான் நினைக்கவில்லை. கேட்ட கேள்விக்கு மறைத்தீர்கள் என்றால் அதுதான் ஆபத்து.

அதனால் முதல் வேலை, போன வருடம் நிரப்பிய படிவத்தின் நகலை எடுத்து அந்தக் கேள்வியின் வாசகத்தை வரி வரியாகப் படியுங்கள். நோய் இருந்ததா என்று கேட்கிறதா, சிகிச்சையா, ஆலோசனையும் சேர்த்தா? நீங்கள் போனது மனநல மருத்துவரிடமா, ஆலோசகரிடமா, ஏதாவது நோயின் பெயர் எழுதிக் கொடுத்தாரா? இதைப் பொறுத்து நீங்கள் மறைத்தீர்களா, மறைத்ததாக நீங்களே பயந்துகொண்டிருக்கிறீர்களா என்பது மாறும். இரண்டாவது வேலை, அந்த ஆலோசகரிடம் சுருக்கமாக ஒரு கடிதம் வாங்குங்கள். எதற்காக வந்தார், எத்தனை முறை, எப்போது முடிந்தது, மருந்து இல்லை, இவ்வளவு போதும். மூன்றாவது, கிளாஸ் ஒன் மெடிக்கல் (விமானிக்கான உடல்தகுதிச் சோதனை) செய்ய அங்கீகாரம் பெற்ற மருத்துவரிடம் நேர்காணலுக்கு முன்பே போய் உட்கார்ந்து கேளுங்கள். நான் மருத்துவர் இல்லை, அவர் சொல்வதே இதில் கணக்கு.

இதில் இழப்பும் இருக்கலாம், அதை மறைத்தால் நான் உங்களுக்கு நியாயம் செய்தவள் ஆகமாட்டேன். மனநல மருத்துவரின் மதிப்பீடு ஒன்று கேட்கலாம். அதற்குச் சில வாரம் ஆகலாம். இந்த நேர்காணலே கைநழுவலாம். வட்டி ஏறிக்கொண்டிருக்கும் வீட்டில் ஒரு வாய்ப்பு போவது என்னவென்று எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு வருடமும் அந்தப் படிவத்தைப் புதுப்பிக்கப் போகிறீர்கள். இன்னும் முப்பது முறைக்கு மேல் அந்தக் கட்டத்தில் பேனாவை வைத்துக் கை நடுங்குவதா, இந்த ஒரு முறை சரிசெய்துகொள்வதா என்று எடைபோட்டால், நான் சரிசெய்யும் பக்கம்தான் நிற்பேன்.

நேர்காணல் அறையில் என்ன செய்வது? கேப்டன்களும் எச்.ஆரும் உட்கார்ந்திருக்கும் மேசையில் உங்கள் கவுன்சலிங் கதையை நீங்களாக எடுத்துவைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நீங்கள் அங்கே என்ன பேசினீர்கள் என்பது உங்களுக்கும் அந்த ஆலோசகருக்கும் இடையில் உள்ளது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களின் ரகசியத்தைக் காக்கிறது. யாராவது நேராகக் கேட்டால் மட்டும் ‘இல்லை’ என்று சொல்லாதீர்கள். “அந்தச் சம்பவத்துக்குப் பிறகு தூக்கம் கெட்டது, ஆலோசகரிடம் பேசினேன், சரியானது, என் மெடிக்கல் எக்ஸாமினருக்குத் தெரியும்” என்று நான்கு துண்டு. அந்தக் கடைசித் துண்டை உண்மையாகச் சொல்ல முடிவதற்காகத்தான் மேலே சொன்ன அலைச்சல் எல்லாம்.

இதோடு சேர்த்து ஒன்று. உளவியல் வினாத்தாள் இன்னும் பாக்கி இருந்தால், ‘நான் ஒருமுறைகூடக் கோபப்பட்டதில்லை’, ‘எனக்குப் பொறாமையே வந்ததில்லை’ போன்ற வரிகள் வரும். எல்லாவற்றுக்கும் நல்ல பிள்ளையாக ‘ஆம்’ போடுகிறவர்களைக் கண்டுபிடிக்கவே அவற்றை வைக்கிறோம். அறுபது பதில்களை மனப்பாடம் செய்தவர்கள் அங்கேதான் முதலில் மாட்டுகிறார்கள்.

கல்யாணம் எப்போது?

உங்கள் தோழி சொன்னது பாதி சரி. பெண் என்பதற்காக வேலைக்கு எடுப்பதில் பாகுபாடு காட்டக்கூடாது என்று 1976ஆம் ஆண்டு சம ஊதியச் சட்டம் சொன்னது. அதன் இடத்தில் கொண்டுவரப்பட்ட 2019ஆம் ஆண்டு ஊதியத் தொகுப்புச் சட்டமும் அதையே சொல்கிறது. ஆனால் ‘கல்யாணம் எப்போது’ என்று வாயால் கேட்பதையே குற்றமாக்கும் தனிச் சட்டப் பிரிவு எதையும் நம்பி அந்த அறையில் சண்டைக்கு நிற்காதீர்கள். பதிலை வைத்து உங்களை ஒதுக்கினால்தான் பாகுபாடு என்ற பேச்சு வரும், அதை நிரூபிப்பதும் எளிதில்லை. நம் நாட்டில் இந்தப் பாதை மெதுவாகத்தான் நகர்ந்திருக்கிறது. ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் தொடுத்த வழக்கில் 1981இல் உச்ச நீதிமன்றம், முதல் கர்ப்பத்தோடு வேலை போகும் என்ற விதியைத் தூக்கி எறிந்தது. அதே தீர்ப்பு, சேர்ந்து நான்கு வருடத்துக்குள் கல்யாணம் கூடாது என்ற விதியை விட்டுவைத்தது. இன்று 26 வார மகப்பேறு விடுப்பு சட்டத்தில் இருக்கிறது. நேர்காணல் மேசைகளில் பழைய கேள்விகளும் இருக்கின்றன.

ஆகவே உரிமையை மனதில் வைத்துக்கொண்டு வேலையைப் பற்றிப் பதில் சொல்லுங்கள். “வீட்டில் பேசுகிறார்கள், முடிவாகவில்லை. எந்த ஊர் பேஸ் கொடுத்தாலும், ராத்திரி டியூட்டி என்றாலும் வரத் தயாராகத்தான் விண்ணப்பித்தேன், வீட்டிலும் சொல்லியிருக்கிறேன்.” இதற்கு மேலும் தோண்டினால், “சார், இது வேலையோடு எப்படிச் சம்பந்தப்படுகிறது என்று சொன்னால் அதற்குச் சரியாகப் பதில் சொல்கிறேன்” என்று அமைதியாகக் கேட்கலாம். குழந்தை, மாதவிடாய், உடல் என்று எல்லை மீறிப் போனால், வெளியே வந்ததும் தேதி, நேரம், கேட்டவரின் பெயர், கேட்ட சொற்கள் எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டு வழக்கறிஞரிடம் பேசுங்கள்.

“வீட்டிலும் சொல்லியிருக்கிறேன்” என்பதை உண்மையாக்க வேண்டும், சரியா? மாப்பிள்ளை பார்க்கும் பெற்றோரிடம், ராத்திரி இரண்டு மணிக்கு வண்டி வந்து கூட்டிப்போகும் வேலை இது, வேறு ஊரில் தனியாக இருக்க வேண்டி வரும் என்று உட்கார்ந்து பேசியிருக்கிறீர்களா? கடிதத்தில் அது இல்லை. நேர்காணலுக்கு முன் அந்தப் பேச்சை முடித்துவிடுங்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கும் அது இப்போதே தெரிவது நல்லது.

கடனைப் பற்றி நீங்களாகச் சொல்ல வேண்டாம். கேட்டால் தொகையை மறைக்க வேண்டாம். பயிற்சிக்குக் கடன் வாங்காத பிள்ளைகள் குறைவு, எதிரில் இருக்கும் கேப்டனும் வாங்கியிருப்பார். கடனுக்காகக் காய்ச்சலோடு பறக்க மாட்டீர்கள் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். இடைப்பட்ட இரண்டு வருடத்தைப் பற்றி நிச்சயம் கேட்பார்கள். அப்பாவின் வேன் கணக்கைப் பார்த்தேன், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தேன், சிமுலேட்டருக்குக் காசு சேர்த்தேன் என்று இருந்ததை இருந்தபடியே சொல்லுங்கள்.

தமிழ் வழியில் படித்த ஆங்கிலம் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். விமானிகளின் ஆங்கிலத்துக்குச் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ வைத்த ஆறு படிநிலைகளில் நான்காவது இருந்தாலே சர்வதேச அளவில் போதும். அதைத் தாண்டித்தானே உரிமம் வாங்கினீர்கள்? உச்சரிப்பை மாற்றாதீர்கள், வேகத்தைக் குறையுங்கள்.

இந்த மூன்று வாரம்

அச்சடித்த அறுபது பதிலை எடுத்து ஓரமாக வையுங்கள். ஒரு நோட்டில் உங்கள் வாழ்க்கையிலிருந்து பத்துச் சம்பவம் எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் தலைப்பு மட்டும். பனியில் நின்ற வேன், குதித்த செஸ்னா, ஹாஸ்டலில் அறைத்தோழியோடு பேசாமல் இருந்த ஒரு மாதம், இன்ஸ்ட்ரக்டரிடம் ‘எனக்குப் புரியவில்லை’ என்று சொல்லத் தயங்கிய நாள், சொல்லிய நாள். எந்தச் சொந்தக் கேள்வி வந்தாலும் இந்தப் பத்தில் ஒன்று அதற்குப் பொருந்தும். தினமும் இரண்டை ஆங்கிலத்தில் செல்போனில் பேசிப் பதிவு செய்யுங்கள், ஒன்றரை நிமிடத்துக்குள். கேட்கும்போது, எங்கே மற்றவர் மேல் பழி போகிறது, எங்கே ‘நாங்கள்’ என்று மழுப்புகிறீர்கள் என்று குறியுங்கள். பிறகு உங்களை நன்றாகத் தெரிந்த ஒருவரிடம், முடிந்தால் அந்த ஹாஸ்டல் தோழியிடமே, “என்னிடம் உனக்குப் பிடிக்காதது என்ன?” என்று கேளுங்கள். பலவீனம் என்ன என்ற கேள்விக்கு ‘நான் பெர்ஃபெக்‌ஷனிஸ்ட்’ என்று ஒரே நாளில் ஏழு பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எட்டாவதாக வந்த பையன், “தப்பு செய்தால் பத்து நிமிடம் யாரிடமும் பேசமாட்டேன், அது காக்பிட்டில் ஆகாது என்று இன்ஸ்ட்ரக்டர் சொன்னார், இப்போது வாய்விட்டு ‘மை மிஸ்டேக்’ என்று சொல்லிப் பழகுகிறேன்” என்றான். அன்று எங்கள் மேசையில் எல்லோருமே பேனாவை எடுத்தோம்.

கடைசியில், “எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?” என்பார்கள். கோச்சிங் சென்டர் தாளில் ‘நோ சார், தேங்க் யூ’ என்று இருப்பதைப் பார்த்தேன். அப்படி எழுந்து வராதீர்கள். டைப் ரேட்டிங்குக்கான (குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டத் தேவையான பயிற்சிக்கான) செலவு யாருடையது, பாண்ட் (வேலையை விட்டுப் போகமாட்டேன் என்ற ஒப்பந்தம்) எத்தனை வருடம், நடுவில் மெடிக்கலாகத் தகுதி இழந்தால் அந்த பாண்ட் என்ன ஆகும் என்று கேளுங்கள், அப்பாவின் கையெழுத்தும் அதில் போகக்கூடும். அதோடு இன்னொன்றும் கேளுங்கள்: “சக விமானிகளின் ஆதரவுத் திட்டம் இங்கே எப்படி நடக்கிறது? புதிதாகச் சேரும் ஃபர்ஸ்ட் ஆபீசர் (துணை விமானி) யாரிடம் போய்ப் பேச வேண்டும்?” பதிலை முழுவதும் கேட்டுவிட்டு எழுந்து வாருங்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.